அரை மில்லிமீட்டர் தோல்



25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம். பள்ளிகளிலும் பெரிய அடுக்ககங்களிலும் இப்படியொரு நீச்சல்குளத்தைப் பார்க்கலாம். அதில் 3,75,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். தரையும் நான்கு சுவர்களும் சேர்த்தால் பரப்பு 355 சதுர மீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் எப்பாக்ஸி இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு 400 மைக்ரான் கனம் நிற்க வேண்டுமானால் தேவைப்படும் பொருள் 142 லிட்டர். கரைப்பான் கலந்த ரகமாக இருந்தால், ஆவியாகிப் போகும் பங்குக்காக இன்னும் சில வாளிகள் கூடும். மூன்றே முக்கால் லட்சம் லிட்டர் நீரும் அதில் கரைந்த குளோரினும் ஒரு பக்கம். கான்கிரீட்டும் அதற்குள் புதைந்த கம்பியும் அதற்குப் பின்னால் ஈரமண்ணும் மறுபக்கம். நடுவில் நிற்பது அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்தத் தோல்தான்.

குளத்தைப் புதுப்பிக்க விலை கேட்கிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த கம்பெனி பெயிண்ட்? சதுர அடிக்கு என்ன ரேட்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு பூச்சு இரண்டு வருடத்தில் உரியுமா, எட்டு வருடம் நிற்குமா என்பது டின்னைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்பவர்கள் காலிக் குளத்துக்குள் இறங்கி வேலை செய்யும் ஆட்கள். அவர்களுக்கு எத்தனை நாள் கொடுக்கப்படுகிறது, அவர்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்ற இரண்டும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லவே இந்த உரை.

நீர் கசியாத குளம் என்பது மனிதர்களின் மிகப் பழைய ஆசைகளில் ஒன்று. 1925-26-ஆம் ஆண்டு அகழாய்வில் மொகஞ்சதாரோவின் பெருங்குளம் வெளிப்பட்டது. ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கற்களை இடைவெளி தெரியாமல் அடுக்கி ஜிப்சச் சாந்தால் இணைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் இயற்கைத் தாரை ஓர் அடுக்காகப் பூசியிருக்கிறார்கள். அவர்கள் நீர்த்தடுப்பை வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தார் செங்கல்லுக்குப் பின்னால் இருக்கிறது. வெயிலும் கால் உராய்வும் அதைத் தொடவில்லை. இன்றைய எப்பாக்ஸியோ குளத்தின் உள்முகத்தில், எல்லாத் தாக்குதலுக்கும் முன்னால் நிற்கிறது. குளம் நிறைந்திருக்கும்போது நீரின் அழுத்தமே பூச்சைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. குளம் காலியானால் அந்தப் பிடி போய்விடும். பின்னாலிருந்து மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக வந்து பூச்சைத் தள்ளத் தொடங்கும். நீச்சல்குளப் பூச்சின் சிக்கல்கள் பலவும் இந்த இடமாற்றத்திலிருந்து பிறப்பவை.

எப்பாக்ஸியின் பிறப்புக்கும் நீச்சல்குளத்துக்கும் தொடர்பில்லை. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் 1930-களில் செயற்கைப் பல்லுக்கான பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தப் பிசினை உருவாக்கினார். அதே காலத்தை ஒட்டி அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ, பெயிண்டுக்கு உதவும் பிசினைத் தேடி ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். காஸ்டானின் உரிமையைப் பெற்ற சீபா நிறுவனம் 1946-இல் பாசெல் கண்காட்சியில் 'அரால்டைட்' என்ற பெயரில் ஒரு பசையை அறிமுகப்படுத்தியது. உடைந்த பொம்மையிலிருந்து மேசைக்கால் வரை நம் வீடுகளில் ஒட்டவைத்த அந்த இரட்டைக் குழாய்ப் பசைதான் குளத்துப் பூச்சுக்கும் உறவு. ஒரு குழாயில் பிசின், மற்றொன்றில் ஹார்டனர்.

பிசின் பிஸ்ஃபீனால்-ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டு வேதிப்பொருட்களிலிருந்து வருகிறது. ஹார்டனர் பெரும்பாலும் அமைன் வகை. இரண்டும் கலந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து, திரும்ப உருகாத, கரையாத வலையாகின்றன. இந்த வலைக்குக் கான்கிரீட்டின் மேல் தனிப்பட்ட தகுதி உண்டு. கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. புதிதாக வார்த்ததன் கார அமில அளவு (pH) 12-ஐத் தாண்டும். எண்ணெய் சேர்ந்த சாதாரண எனாமல் பெயிண்டை ஈரமான கான்கிரீட்டில் அடித்தால், அந்தக் காரம் எண்ணெயோடு வினைபுரிந்து சோப்பாக்கிவிடும். பெயிண்ட் பிசுபிசுத்துக் கழன்று வரும். அமைனால் இறுகிய எப்பாக்ஸியில் காரம் பிடித்துக்கொள்ள அப்படி ஒரு இணைப்பு இல்லை.

ஒரு காலத்தில் குளங்களுக்குக் குளோரினேற்றிய ரப்பர் பெயிண்டுதான் அடித்தார்கள். அடிக்கவும் எளிது, அடுத்த கோட் ஒட்டவும் எளிது. ஆனால் அந்த ரப்பரைத் தயாரிக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு தேவைப்பட்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருட்களின் பட்டியலில் 1990-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் லண்டன் திருத்தம் அதையும் சேர்த்தது. அதன்பின் ரப்பர் பெயிண்டின் காலம் மெல்லச் சுருங்கியது. பழைய குளங்களின் சுவர்களில் மட்டும் அது இன்னமும் உயிரோடிருக்கிறது. புதுப்பிக்க வருகிறவர் முதலில் சந்திப்பது அதைத்தான்.

சந்திப்பதற்கு முன் குளத்தைக் காலி செய்ய வேண்டும். மோட்டாரை ஓடவிட்டால் முடிகிற வேலை என்று இதை நினைக்கிறார்கள். உண்மையில் குளத்தின் ஆயுளிலேயே மிக ஆபத்தான நாட்கள் அது காலியாக இருக்கும் நாட்கள்தான். நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்துக்கு மேலே ஒரு மீட்டர் ஏறியிருந்தால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் ஸ்லாபின் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 375 கிலோதான். அப்படியானால் நீர்மட்டம் ஸ்லாபின் அடியிலிருந்து ஒரு முழம்கூட ஏற வேண்டாம், தரையின் எடை ஈடாகிவிடுகிறது. மிச்சத்தைச் சுவர்களின் எடையும் மண்ணின் பிடிப்பும் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் தரை நடுவில் விரிசல் விட்டு உப்பும். இல்லையென்றால் தொட்டி முழுவதுமே தூக்கிக்கொள்ளும். குழாய் இணைப்புகள் முறியும். இதற்காகவே முறையாகக் கட்டிய குளங்களின் ஆழமான பகுதியில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு ஒன்றை வைக்கிறார்கள். வெளியே நீர் அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும். பல குளங்களில் அந்த வால்வு இருக்கிறதா என்பதே பராமரிக்கிறவருக்குத் தெரிவதில்லை. சில இடங்களில் முந்தைய பெயிண்டர் அதன்மேலும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மூடியிருப்பார்.

எனவே சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் குளத்தைக் காலி செய்வது பெரும் தவறு. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும். மார்கழி விடுமுறைக் கூட்டத்துக்குமுன் குளம் பளபளக்க வேண்டும் என்று அவசரப்படும் விடுதிகள் சரியாக அந்த மாதங்களில்தான் வேலையைத் தொடங்குகின்றன. மாசி, பங்குனி நல்ல காலம். பக்கத்தில் ஒரு கிணறோ, ஆழ்துளையிட்டு இறக்கிய குழாயோ இருந்தால் அதில் நீர்மட்டத்தை அளந்துவிட்டுத் தொடங்கலாம். இதற்கு ஒரு கயிறு போதும்.

குளம் காலியானதும் பழைய பூச்சு எந்த இனம் என்று பார்க்க வேண்டும். ஒரு சில்லைப் பெயர்த்து, ஸ்பிரிட்டில் ஒரு துண்டும் சைலீன் கலந்த தின்னரில் ஒரு துண்டும் போட்டால் போதும். ஸ்பிரிட்டில் கரைந்தால் அக்ரிலிக். தின்னரில் மட்டும் கரைந்தால் ரப்பர் வகை. இரண்டிலும் கரையாமல் அப்படியே கிடந்தால் எப்பாக்ஸி. சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ரப்பர்மேல் எப்பாக்ஸி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்பாக்ஸியில் உள்ள கரைப்பான் அடியில் இருக்கும் ரப்பரை இளக்கும். மேலே இருப்பது இறுகி இழுக்கும். சில மாதங்களில் மொத்தமும் சேர்ந்து பொருக்குப் பொருக்காக உரியும். ரப்பரோ அக்ரிலிக்கோ இருந்தால் கான்கிரீட் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். குறுக்கு வழி இல்லை. பழைய எப்பாக்ஸி உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும், மேல்மினுக்கு போகும்வரை தேய்த்துவிட்டு அதன்மேல் புதியதை ஏற்றலாம். அதன்மேல் ஆசிட் ஊற்றிக் கழுவிப் பயனில்லை. ஆசிட் சிமெண்டைத்தான் அரிக்கும். எப்பாக்ஸியை அது ஒன்றும் செய்யாது.

வெறும் கான்கிரீட்டுக்கு ஆசிட் வாஷ் பழைய வழி. தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதை முதலில் சோப்புக் கரைசலால் நீக்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பட்டதும் நுரைக்கும்; மேற்பரப்பின் பலவீனமான சிமெண்டுப் பால் கரைந்து, உள்ளே இருக்கும் மணல் தலைகாட்டும். அடுத்துச் சலவைச் சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்துப் பலமுறை நீர் விட்டு அலச வேண்டும். கையை வைத்துத் தடவினால் நடுத்தர உப்புத்தாளைத் தடவுவது போலிருக்க வேண்டும் என்பது மேஸ்திரிகளின் அளவு. அது நல்ல அளவுதான். அலசல் சரியில்லையென்றால் வினையில் உண்டான உப்பு துளைகளில் தங்கிவிடும். பூச்சு அதன்மேல் மூடும். எப்பாக்ஸி நீரை முழுவதுமாகத் தடுப்பதில்லை. மூலக்கூறு அளவில் மிக மெதுவாக உள்ளே விடும். உள்ளே உப்பு இருந்தால் அந்த நீரைச் சவ்வூடு பரவலால் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடிக்கூடி ஒரு கொப்புளம் எழும். ஊசியால் குத்தினால் உப்பு நீர் பீய்ச்சி வரும். அப்போது எல்லோரும் குறை சொல்வது பெயிண்ட் கம்பெனியை. குற்றம் இரண்டு வாளித் தண்ணீரை மிச்சம் பிடித்த நாளில் நடந்தது.

கிரைண்டரால் தேய்ப்பதும் மணல் வீசித் துடைப்பதும் ஆசிட்டைவிட உறுதியான வழிகள். இங்கே தூசு என்ற பகை வருகிறது. கான்கிரீட்டிலும் ஆற்று மணலிலும் இருப்பது படிக சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்மையான அதன் துகள்கள் நுரையீரலின் அடிக்குப் போய்த் தங்கித் தழும்பாகின்றன. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை. பிரிட்டன் தன் தொழிற்சாலைகளில் வார்ப்புகளைத் துடைக்க மணல் வீசுவதை 1949-ஆம் ஆண்டு விதிகளாலேயே தடுத்தது. அமெரிக்காவில் 2016-இல் வந்த விதி, எட்டு மணி நேர வேலையில் தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குமேல் சிலிக்கா இருக்கக்கூடாது என்கிறது. நம் ஊர்களிலோ முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு காலிக் குளத்துக்குள் கிரைண்டர் ஓட்டுகிறார்கள். கைக்குட்டை அந்தத் துகளைத் தடுக்காது. தூசை உறிஞ்சும் வாக்குவம் பூட்டிய கிரைண்டர், இல்லையென்றால் நீர் சொட்டிக்கொண்டே தேய்க்கும் முறை, அதோடு தகுந்த முகமூடி. இவற்றின் வாடகை மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கு. அதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதாதவரை யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவது உயிருக்கு ஆபத்து என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். வானம் பார்த்த நீச்சல்குளத்தை யாரும் அப்படி நினைப்பதில்லை. தின்னரில் இருக்கும் சைலீனின் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்குக்குமேல் கனமானது. அது மேலே போகாது. சரிவில் இறங்கிக் குளத்தின் ஆழமான முனையில் தேங்கும். அங்கேதான் ஒருவர் குனிந்து உட்கார்ந்து மூலைகளுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருப்பார். தலை சுற்றும், நிதானம் தவறும். ஏணியில் ஏறும்போது கால் பிசகும். ஒரு பீடி பற்றவைத்தால் தீப்பிடிக்கும். நீர் விளிம்பில் வழிந்தோடும் குளங்களில் பேலன்சிங் டேங்க் என்று மூடிய தொட்டி ஒன்று உண்டு. அதற்குள்ளும் பூச்சு அடிப்பார்கள். அது எல்லாவகையிலும் மூடிய தொட்டியேதான். காற்றை அடியிலிருந்து உறிஞ்சி வெளியேற்றும் ஃபேன், மேலே கண்காணிக்க ஓர் ஆள் என்ற இரண்டும் இல்லாமல் யாரையும் அதற்குள் அனுப்பக்கூடாது. ஆசிட் கேன்களும் குளோரின் கேன்களும் ஒரே மோட்டார் அறையில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதையும் பார்க்கலாம். இரண்டும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். அதுவும் காற்றைவிடக் கனம். அதுவும் ஆழத்தில்தான் தங்கும்.

எப்பாக்ஸி தோலுக்குச் செய்வது இன்னொரு வகைத் தீங்கு. இறுகாத பிசினும் ஹார்டனரும் திரும்பத் திரும்பக் கையில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை உண்டாகிவிட்டால் அது பொதுவாக வாழ்நாள் முழுவதும் போகாது. பிறகு ஒரு துளி பட்டாலும் கையும் கண்ணிமையும் வீங்கும். அந்தப் பெயிண்டர் அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். கையைத் தின்னரால் கழுவுவது இதை மோசமாக்கும். தின்னர் தோலின் எண்ணெயை நீக்கிப் பிசினுக்கு உள்ளே வழிவிடுகிறது. நைட்ரைல் கையுறையும் சோப்பும் போதும். ஒரு பெட்டி கையுறையின் விலை பெரிதில்லை. தினக்கூலிக்கு வருகிறவரின் கை அவருடைய மொத்தச் சொத்து என்பதை வேலை கொடுக்கிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேற்பரப்பு தயாரானதும் விரிசல்களை அடைக்கிறார்கள். நிலைத்து நின்றுவிட்ட விரிசலை வெட்டி அகலமாக்கி எப்பாக்ஸி பட்டியால் நிரப்பலாம். இன்னும் அசைந்துகொண்டிருக்கும் விரிசலை எந்தப் பெயிண்டாலும் மூட முடியாது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இறுகிய படலம் கட்டமைப்பின் அசைவைத் தாங்காது. அங்கே கூப்பிட வேண்டியவர் கட்டுமானப் பொறியாளர். இதைத் தெரிந்துகொண்டும் மேலே பூசிக் கொடுக்கிறவர்களை நேர்மையான தொழில்காரர்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஈரம். 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு விளிம்பிலும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி பூத்திருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும் என்று பொருள். புதிதாக வார்த்த கான்கிரீட்டானால் 28 நாள் கழிந்த பிறகே இந்தப் பேச்சு.

அப்புறம் வருகிறது நம் கடற்கரைக்கே உரிய இக்கட்டு. கான்கிரீட் முழுக்க நுண்துளைகள், துளைகளில் காற்று. காலையில் வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து வெளியே வரப் பார்க்கும். அப்போது எப்பாக்ஸி அடித்தால் காற்று ஈரமான படலத்தைத் துளைத்துக்கொண்டு கிளம்பும். நூற்றுக்கணக்கான ஊசித்துளைகள் விழும். ஆகவே வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகலில் முதல் கோட் அடிப்பது நல்லது. துளைகள் உள்ளே இழுக்கும். பிரைமர் ஆழமாக இறங்கும். ஆனால் அந்திக்குப் பிறகு இன்னொரு எதிரி காத்திருக்கிறான். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. தரையின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் உலகம் முழுவதும் பின்பற்றும் விதி. எனவே தரை 29 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் வேலையை முடித்துப் படலம் ஓரளவு இறுகியிருக்க வேண்டும். தவறினால் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரிலுள்ள அமைனோடு சேர்ந்து, மெழுகுபோல் வழுக்கும் வெண்படலம் ஒன்றை மேலே உண்டாக்கும். மறுநாள் அதைச் சோப்பு நீரால் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் இரண்டு கோட்டும் ஒட்டாது. கழுவாமல் உப்புத்தாளால் தேய்த்தால் மெழுகு இன்னும் பரவும். பந்தல் போட்டு நிழல் செய்து, பிற்பகல் மூன்று மணிக்கு ரோலரை எடுத்து, சூரியன் மறைவதற்குள் நிறுத்துகிற காண்டிராக்டர் சோம்பேறி அல்ல. அவர் தொழில் தெரிந்தவர். ஒரே நாளில் காலையிலிருந்து இரவு விளக்கு போட்டு முடித்துத் தருகிறேன் என்கிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

கலப்பதிலும் இதே கண்டிப்பு. பிசினும் ஹார்டனரும் எண்ணிக்கைக் கணக்கில் மூலக்கூறுக்கு மூலக்கூறு சேர்பவை. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் அது சீக்கிரம் காயாது. மிஞ்சிய ஹார்டனர் படலத்துக்குள் மென்மையாகத் தங்கி நீரை ஈர்க்கும். டின்னில் அச்சிட்ட விகிதத்தைத் தராசிலோ அளவுக் குவளையிலோ எடுத்து, அடியும் ஓரமும் கலக்கும்படி மிஷினால் கலக்க வேண்டும். கலவையின் வினை வெப்பத்தை வெளிவிடும். வாளியில் குவிந்து கிடந்தால் அந்த வெப்பமே வினையை விரைவாக்கி, வினை மேலும் சூடாக்கி, கடைசியில் வாளி புகையும். கோடையில் சிறுசிறு அளவாகக் கலந்து உடனே தரையில் பரப்பிவிடுகிறார்கள். பத்து டிகிரி வெப்பம் கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும்.

கனத்தை அளக்கப் பல் வைத்த சிறு தகடு ஒன்று உண்டு. ஈரப் படலத்தில் குத்தி எடுத்தால் எந்தப் பல்வரை நனைந்திருக்கிறது என்று தெரியும். மூலை, விளக்குக் குழி, குழாய் வாய் போன்ற இடங்களில் ரோலர் சரியாகப் படாது. அங்கே பிரஷ்ஷால் முதலில் ஒரு கோட் தனியாக ஓட்ட வேண்டும். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் தயாரிப்பாளர் சொன்ன கால வரம்பு தாண்டினால் மேற்பரப்பைத் தேய்த்த பிறகே தொடர வேண்டும். இறுகி முடிந்த எப்பாக்ஸியில் புதியது வேதிப் பிணைப்பாக ஒட்டாது.

படிக்கட்டிலும் ஆழமற்ற பகுதியிலும் வழுக்காமலிருக்க இரண்டாவது கோட்டில் நுண்மணல் தூவுவார்கள். எவ்வளவு சொரசொரப்பு என்பதை யோசித்துச் செய்ய வேண்டும். லண்டன் விலங்குக் காட்சி சாலையில் பெர்த்தோல்ட் லூபெட்கின் வடிவமைத்து 1934-இல் கட்டிய பென்குயின் குளம் நவீனக் கட்டடக்கலையின் மாணிக்கங்களில் ஒன்று. ஒன்றையொன்று சுற்றி இறங்கும் அதன் கான்கிரீட் சரிவுகளைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். ஆனால் அந்தக் கான்கிரீட்டில் நடந்து நடந்து பென்குயின்களின் பாதங்களில் நுண்காயங்கள் விழுந்து தொற்று வந்தது. 2004-இல் அவற்றை வேறிடத்துக்கு மாற்றினார்கள். குளத்தின் மேற்பரப்பு உயிருள்ள பாதங்களுக்கானது. குழந்தைகள் விளையாடும் பகுதியில் கரடுமுரடான மணலைத் தாராளமாகத் தூவிவிட்டு, பிறகு முழங்கால் சிராய்ப்புகளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும் குளங்கள் உண்டு.

நிறமும் அப்படித்தான். ஹாலிவுட் ரூஸ்வெல்ட் விடுதியின் குளத்துத் தரையில் 1980-களின் பிற்பகுதியில் ஓவியர் டேவிட் ஹாக்னி நீலநிற வளைவுக் கோடுகளைத் தன் கையால் தீட்டினார். அழகான குளம் அது. ஆனால் பொதுக் குளங்களின் தரை வெளிர் நிறமாக, தெளிவாக இருக்க வேண்டும் என்று பல நாடுகளின் விதிகள் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2011 ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் நகரின் பொதுக்குளத்தில் ஒரு பெண் மூழ்கினார். நீர் கலங்கியிருந்ததால் இரண்டு நாள் அவரை யாரும் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளும் குளத்தில் மற்றவர்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். நீர் தெளிவு, தரை வெண்மை ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் காவலரின் கண் அடியில் கிடக்கும் உடலைக் காணும். கருநீலமும் கருப்பும் விளம்பரப் படத்துக்கு அழகு. பொதுமக்கள் இறங்கும் குளத்துக்கு அந்த நிறங்கள் வேண்டாம் என்பதே இந்த உரையின் நிலை.

இத்தனையும் செய்து அடித்த எப்பாக்ஸிக்கும் ஒரு குறை உண்டு. அதன் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையங்கள் சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைகின்றன. மேற்பரப்பு மஞ்சளித்து, பிறகு வெண்தூளாகப் பொடியும். நீர்மட்டத்துக்கு மேலே வெயில் படும் ஓரத்தில் இது முதலில் தெரியும். நீந்தி எழுகிறவரின் உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டும். பூச்சு உரிகிறது என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் மேல்தோல் மட்டும் மங்குகிறது. ஆனால் நீரின் தன்மை கெட்டிருந்தால் இது பலமடங்கு வேகமாகும். கார அமில அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். 1936-இல் வில்ஃபிரட் லாங்கெலியர் வகுத்த கணக்கு ஒன்று இன்றும் பயன்படுகிறது. நீரின் வெப்பம், சுண்ணாம்பு, காரத்தன்மை, கார அமில அளவு, கரைந்த உப்புகள் ஆகியவற்றைச் சேர்த்து, அந்த நீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, கரைத்தெடுக்குமா என்று அது சொல்லும். பசியுள்ள நீர், பூச்சில் ஒரு ஊசித்துளை கிடைத்தாலும் அதன் வழியே கான்கிரீட்டின் சுண்ணாம்பைத் தின்னத் தொடங்கும்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு நீர் விடுவதற்கு 25 டிகிரி வெப்பத்தில் பொதுவாக ஏழு நாள் கேட்கிறார்கள் தயாரிப்பாளர்கள். உள்ளரங்கக் குளமென்றால் இன்னும் கூட. தொட்டுப் பார்த்தால் மூன்றாம் நாளே கல்லாக இருக்கும். உள்ளே வலை இன்னும் பின்னி முடிந்திருக்காது. அந்த நாட்களில் மழை வந்து ஆழத்தில் தேங்கினால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். நிரப்பத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் நிரப்ப வேண்டும். நிறுத்திய இடத்தில் சுவரைச் சுற்றிக் கோடு நிற்கும். குளோரின் மாத்திரைகளைத் தரையில் வீசக்கூடாது. மாத்திரை கிடந்த இடம் வட்டமாக வெளுத்துவிடும்.

முறையாகச் செய்த எப்பாக்ஸி ஏழெட்டு வருடம் நிற்பது வழக்கம். அதற்குள் மோட்டார் அறையில் வேலை பார்க்கிறவர் மாறியிருப்பார், சங்கத்தின் செயலாளர் மாறியிருப்பார், காண்டிராக்டரின் போன் எண்ணும் மாறியிருக்கும். என்ன இனப் பூச்சு, எந்தத் தேதி, எத்தனை கோட், ஈரச்சோதனை எப்போது, அழுத்தம் விடுவிக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, மோட்டார் அறைச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டிவிட்டால், அடுத்தமுறை குளத்துக்குள் இறங்குகிறவர் சில்லைப் பெயர்த்துத் தின்னரில் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. பூச்சு உறுதியாக இருப்பது தெரிந்தால் மேலாகத் தேய்த்து ஒரே கோட்டில் முடித்துவிடலாம். கிரைண்டரின் தூசை அவர் அத்தனை நாள் சுவாசிக்கவும் வேண்டாம்.